நாலு மடங்கு போதும்

1

போன மாதம் நான் ஒரு ஸ்கோப் வாங்கினேன். ஸ்கோப் என்றால் துப்பாக்கியின் முதுகில் பூட்டி, அதன் வழியாகக் குறி பார்க்கிற கண்ணாடிக் குழாய். அறுபத்தெட்டு வயதுக் கிழவிக்கு இது எதற்கு என்று படிக்கிற நம் ஊர்க்காரர்கள் கேட்பீர்கள். என் மகன் சேகரும் அதையேதான் கேட்டான். அவன் கேட்ட விதம் வேறு, அதற்குக் காரணமும் வேறு. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் பிறந்து, அஞ்சாம் வகுப்பு வரை படித்து, கேழ்வரகும் சாமையும் விதைத்துப் பிழைத்தவள். பிறகு மலையை விட்டு இறங்கி, கள்ளக்குறிச்சியில் அரிசி ஆலைக் களத்தில் முப்பது வருஷம் நெல் துழாவினேன். இப்போது மகனோடு நியூசிலாந்தின் தெற்குத் தீவில், ஒரு சின்ன ஊரில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். பேச்சு எனக்கு எங்கேயும் வந்ததில்லை. நாலு பேர் நடுவில் வாயைத் திறந்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். எழுத்து பரவாயில்லை. கடிதம் எழுதியே பழகின கை.

இங்கே என் பொழுது சுலபமானது. காலையில் சேகர் பால் கறக்கிற இயந்திரங்கள் செய்கிற கம்பெனிக்குப் போவான். மருமகள் ஆஸ்பத்திரிக்குப் போவாள். பேத்தி வேறு ஊரில் படிக்கிறாள். நான் செல்லில் நாலு வரி எழுதினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். அதற்கு என்ன பதில் போடுவது என்று தெரியாமல் நானும் ஒரு கட்டைவிரல் போடுவேன். செவ்வாய்க்கிழமை பச்சை மூடிக் குப்பைத் தொட்டியை வாசலில் வைப்பேன், அடுத்த செவ்வாய் மஞ்சள் மூடித் தொட்டி. மாற்றி வைத்தால் எடுக்காமல் போய்விடுவார்கள். மற்றபடி வீட்டுக்குப் பின்னால் ஆடுகள் மேயும். அவற்றைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

பக்கத்து வீட்டில் மேவிஸ் இருக்கிறாள். எழுபத்தெட்டு வயது, ஆட்டுப் பண்ணைக்காரரின் மனைவி, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வேலி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசுவாள். நான் தலையாட்டுவேன். நான் ஆட்டுகிற ஒவ்வொரு ஆட்டத்தையும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாள். அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவள் காரில் ஏறி உட்கார்ந்திருந்தேன், எங்கே போகிறோம் என்றே தெரியாமல்.

போன இடம் துப்பாக்கி கிளப்.

2

ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற பழைய கொட்டகையைத்தான் அப்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். நீளமான தகரக் கூரை. ஒரு கோடியில் வரிசையாகப் பாய்கள், எதிர்க்கோடியில் இருபத்தைந்து கஜம் தள்ளி வரிசையாக அட்டைகள். அட்டைக்குப் பத்துக் கறுப்பு வட்டம். ஒரு வட்டத்துக்கு ஒரு குண்டு, நட்டநடுவில் பட்டால் பத்துப் புள்ளி. அட்டைகளின் தலைக்கு மேலே ஒன்று, இரண்டு என்று எண் எழுதியிருக்கும். நம் பாய்க்கும் அதே எண்.

எல்லாரும் குப்புறப் படுக்கிறார்கள். காதை மூடிக்கொள்கிறார்கள். எல்லாரும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பேசினாலும் கேட்காது. கூச்சக்காரிக்கு இதைவிட ஒரு நல்ல இடத்தை யாரும் கட்டியிருக்க முடியாது என்று தோன்றியது. முதல் நாள் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் மேவிஸ் தன் பாயைத் தட்டிக் காட்டினாள். நானும் வழக்கம்போல் தலையாட்டினேன்.

துப்பாக்கி எனக்குப் புதிது இல்லை. அதை மேவிஸிடம் சொல்லவில்லை.

கிளப்பில் சேர நாலு பக்கப் படிவம். துப்பாக்கி கிளப்புடையது, உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருக்க அங்கேயே சுட்டுவிட்டு அங்கேயே வைத்துவிட வேண்டும், அதற்கு எனக்குத் தனியாக உரிமம் வேண்டாம் என்றார்கள். ஆனால் படிவம் வேண்டும். சேகர் சாப்பாட்டு மேஜையில் வைத்து நிரப்பினான். மூன்றாம் பக்கத்தில் அவன் பேனா நின்றது. துப்பாக்கி சம்பந்தமாக எப்போதாவது வழக்கு இருந்ததா என்று ஒரு கேள்வி.

"உம் மேலதான் கேக்கறாங்க. வூட்ல இருந்தவங்களப் பத்தி கேக்கல," என்றான். ‘இல்லை’ என்கிற கட்டத்தில் ஒரு கோடு போட்டான். அப்புறம்தான் தலையைத் தூக்கி, "உனக்கு எதுக்கும்மா இது, அதுவும் உனக்கு?" என்று கேட்டான்.

3

அவன் சொன்ன ‘வூட்ல இருந்தவங்க’ அவனுடைய அப்பா. அவன் வாயிலிருந்து அப்பா என்கிற சொல் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவர் சாகும்போது விசா சிக்கல் என்று வராமல் இருந்துவிட்டான். சிக்கல் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாதக் காலையில், என் வீட்டுக்காரர் கேழ்வரகுக் கொல்லையில் காவலுக்கு இருந்தார். நாலு நாளாகப் பன்றி புகுந்து அழித்துக்கொண்டிருந்தது. மலையில் அப்போது பல வீட்டில் நாட்டுத் துப்பாக்கி உண்டு. மருந்தைத் திணித்து, பால்ரஸ் என்கிற சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளைப் போட்டு இடிக்கிற வகை. நன்றாக விடிந்து வெயில் எட்டிப் பார்க்கிற நேரம், கொல்லை ஓரத்துக் கடுக்காய் மரத்தடியில் ஏதோ அசைந்தது. சுட்டார். நாற்பது தப்படி தூரம். விழுந்தது அவருடைய தம்பி பொன்னுசாமி. கறுப்புக் கம்பளி போர்த்தியிருந்தார். தொடையில் மூன்று குண்டு. பிழைத்தார். ஆனால் அந்தக் கால் அப்புறம் நேராகவே இல்லை.

அண்ணன் தம்பிக்குள் அந்தக் கடுக்காய் மரங்கள் யாருக்கு என்கிற சண்டையில் ஒரு வருஷமாகப் பேச்சு கிடையாது. அதனால்தான் ஊர் கூடியது.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. கொல்லையில் எது அசைந்தாலும் முதலில் குரல் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால்தான் சுட வேண்டும். "குரல் குடுத்தேன், பதில் வரல. பன்னிதான் தெரிஞ்சுது, நல்லா தெரிஞ்சுது," என்றார் என் வீட்டுக்காரர். குரலே கேட்கவில்லை என்றார் கொழுந்தன். ஊருக்குத் தலைவரான மூப்பர் நல்ல மனுஷர். அண்ணனுக்கு ஒரு வழி விட்டுப் பார்த்தார். பனி மூட்டமாக இருந்தது, கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, மன்னிப்புக் கேள், முடித்துக்கொள்ளலாம் என்றார். இவர், பனி இல்லை, நல்லா தெரிஞ்சுது என்று திரும்பவும் அதையே சொன்னார். நல்ல வெளிச்சத்தில், நாற்பது தப்படியில், தம்பிக்கும் பன்றிக்கும் வித்தியாசம் தெரியாதா? இது பொய் என்றால் குரல் கொடுத்ததும் பொய்தான். ஊர் அப்படித்தான் முடிவு செய்தது.

என்னையும் கேட்டார்கள். குரல் உனக்குக் கேட்டதா என்று. நான் ஓடைக்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வெடிச் சத்தம் கேட்டது, குரல் கேட்கவில்லை. "கேக்கல" என்றேன். ஓடை இரைச்சலில் எனக்கு எப்படிக் கேட்கும் என்று கூட ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அத்தனை ஆம்பிளைகள் நின்றார்கள். அந்த ஒற்றை வார்த்தையோடு குனிந்துகொண்டேன்.

போலீஸ் வந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனது. அவர் ஏழு மாதம் ஜெயிலில் இருந்தார். அதன்பிறகு மலையில் எங்களுக்கு முகம் இல்லை. இறங்கிவிட்டோம். சேகருக்கு அப்போது ஒன்பது வயது. சித்தப்பா தோளில் ஏறி வளர்ந்தவன். பெரியவனான பிறகு ஒருநாள் கேட்டான்: அப்பா தெரிஞ்சேதான் சுட்டாரா என்று. எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. அவரோடு அத்தனை வருஷம் ஒரே கூரைக்கு அடியில் இருந்தேன். நான் அவரைக் கேட்டதே இல்லை. கேட்டு, அவர் ஒரு வேளை தலையாட்டிவிட்டால் என்ன செய்வது?

4

போன வருஷம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். எடுத்த பிறகு தூரத்து மலையில் மேய்கிற ஆட்டை எண்ண முடிந்தது. ஆனால் துப்பாக்கி முனையில் இருக்கிற குறி வளையம் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. வட்டம் தெரிகிறது, வளையம் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து தெரிந்தால்தானே சுடலாம். எண்பத்தைந்து, தொண்ணூறு என்று வந்துகொண்டிருந்தவள் அறுபதுக்கு இறங்கினேன்.

எங்கள் கிளப்பில் அறுபத்தைந்து தாண்டியவர்கள் ஸ்கோப் வைத்துச் சுடலாம். ஆனால் ஸ்கோப்பை அவரவரே கொண்டுவர வேண்டும். பக்கத்து ஊர்க் கிளப்போடு கிழடுகளுக்கு என்று ஒரு போட்டி வேறு இருந்தது. ஒரு பக்கத்துக்கு நாலு பேர். எங்கள் பக்கத்தில் நாலாவது ஆள் நான்தான். நான் இல்லையென்றால் மூன்று பேரோடு போக முடியாது. மேவிஸ் இதை வேலி மேல் சாய்ந்து, நாலு விரலைக் காட்டி, ஒன்றை மடக்கி விளக்கினாள். இது நன்றாகப் புரிந்தது.

சேகரிடம்தான் போக வேண்டியிருந்தது. ஸ்கோப் பற்றிக் கம்ப்யூட்டரில் படிக்க எனக்கு இங்கிலீஷ் பத்தாது. அவன் முகத்தைச் சுளிப்பான் என்று நினைத்தேன். சுளிக்கத்தான் செய்தான். ஆனால் அவனுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பொருளை யாராவது விவரம் தெரியாமல் வாங்கினால் அவனால் தாங்க முடியாது. வீட்டுக்கு மிக்ஸி வாங்கவே ஒரு மாதம் படித்தவன். "கண்ணாடி சமாச்சாரம்தான? அத மட்டும் பாத்துத் தரேன்," என்றான்.

இரண்டு நாளில் பதினாலு ஸ்கோப்புகளைக் கட்டம் போட்டு எழுதியிருந்தான். துப்பாக்கி என்கிற சொல்லை ஒரு தரம்கூடச் சொல்லாமல் ஸ்கோப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். அவன் என்னோடு ஒரு மணி நேரம் பேசி எத்தனை நாளாயிற்று என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் காதில் விழுந்தது.

நாலு பெருக்கல் முப்பத்திரண்டு என்று ஸ்கோப் மேல் எழுதியிருக்கும். முதல் எண், பொருளை எத்தனை மடங்கு கிட்டத்தில் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். சிலதில் மடங்கை வளையத்தைத் திருகி மாற்றலாம், ஆறிலிருந்து இருபத்து நாலு வரைக்கும். நடுவில் மயிரிழை மாதிரி ஒரு சிலுவைக் கோடு. சிலதில் அது தடிமன், சிலதில் மெல்லிசு, சிலதில் ஏணி மாதிரி படிப்படியாகக் கோடுகள். தூரத்துக்குச் சுடுகிறவர்களுக்கு அந்தப் படி வேண்டும், இருபத்தைந்து கஜத்துக்கு அது வெறும் கோலம்.

"அந்த ஏணிய வச்சிக்கினு நான் எங்க ஏறப் போறேன்," என்றேன். அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, சிரித்ததே தப்பு மாதிரி திரும்பவும் கட்டத்தைப் பார்த்தான்.

5

ஒரு மணி நேர தூரத்தில் இருக்கிற பெரிய ஊரில் கடை. தூண்டிலும் மழைச் சட்டையும் விற்கிற கடையிலேயே ஒரு மூலை. கடைக்காரர் பொறுமைசாலி. ஒவ்வொரு ஸ்கோப்பாகக் கையில் கொடுத்து, சன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கச் சொன்னார். எதிர்ச் சாரியில் ஒரு ரொட்டிக் கடை, மேலே ஒரு கடிகாரம்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றதை நாலு வகுப்பில் கற்றிருக்க மாட்டேன். முதலில், கண்ணை ஸ்கோப்பில் ஒட்டி வைக்கக் கூடாது. நாலு விரற்கடை தள்ளி வைக்க வேண்டும். கிட்டப் போனாலும் எட்டப் போனாலும் ஓரத்தில் கறுப்புப் பிறை ஏறும். பெரிய துப்பாக்கியாக இருந்தால் உதைக்கும்போது புருவம் கிழிந்துபோகும், அதற்கும்தான் அந்த இடைவெளி. இரண்டாவது, பின்னால் இருக்கிற வளையம் நம் கண்ணுக்கு ஏற்றபடி சிலுவையைத் தெளிவாக்க. வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திருக வேண்டும். பொருளைப் பார்த்துத் திருகினால் கண்ணே சரி செய்துகொண்டு நம்மை ஏமாற்றிவிடும். மூன்றாவது விஷயம்தான் எனக்கு அதிசயம். ஸ்கோப்பை மணல் மூட்டையில் அசையாமல் வைத்துவிட்டு, என் தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். ஸ்கோப் அசையவில்லை, கடிகாரம் அசையவில்லை, சிலுவை மட்டும் கடிகாரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. தூரத்துக்காகச் சரி செய்த ஸ்கோப்பில் கிட்டத்துப் பொருளைப் பார்த்தால் இப்படி ஆகுமாம். சின்னத் துப்பாக்கிக்கு என்றே கிட்ட தூரத்துக்குச் செய்தது உண்டு, அதுதான் எனக்கு என்றார்.

குறியை மேலும் கீழும் நகர்த்த மேலே ஒரு திருகு, இடமும் வலமும் நகர்த்தப் பக்கத்தில் ஒரு திருகு. ஒரு சொடுக்குச் சொடுக்கினால் இருபத்தைந்து கஜத்தில் குண்டு எவ்வளவு நகரும் என்று கேட்டேன். சேகர் கணக்குப் போட்டு, ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே என்றான். ஒரு கடுகு. சொடுக்குக்கு ஒரு கடுகு என்று மனசில் எழுதிக்கொண்டேன்.

மடங்கே இல்லாமல், கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் காட்டுகிற குட்டி வகையும் இருந்தது. ஓடுகிற குறியைச் சுடுகிற போட்டிகளுக்கும், சில தேசங்களில் தற்காப்புக்கும் அதைத்தான் பூட்டுவார்களாம். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு பார்க்கலாம், சுற்றிலும் இருப்பது அப்படியே தெரியும். மலையில் என் வீட்டுக்காரர் எனக்குக் குறி பார்க்கச் சொல்லிக் கொடுத்ததும் இரண்டு கண்ணையும் திறந்துதான். ஆனால் கடுகளவு வட்டத்துக்கு அந்தப் புள்ளி பெரிது. வட்டத்தையே மூடிவிடும்.

நாலு மடங்கு ஸ்கோப்பை நான் கீழே வைக்கவில்லை. சின்னது, கனம் இல்லை. கண்ணைக் கொஞ்சம் இப்படி அப்படி வைத்தாலும் படம் போகவில்லை. கடிகாரமும் தெரிந்தது, கடைப் பலகையும் தெரிந்தது, வாசலில் நிற்கிற பொம்பிளையும் தெரிந்தாள்.

"நாலு ரொம்ப கம்மிம்மா," என்றான் சேகர். "இருபத்து நாலு இருக்கச்சே எவனாவது நாலை வாங்குவானா?"

இருபத்து நாலில் கடிகார முள்ளின் துரு தெரிந்தது. அவன் ஆசைப்பட்டுச் செய்கிற காரியம், அதுவும் எனக்கு. நான் தலையாட்டினேன். பூட்டிப் பார்த்து ஒத்துவராவிட்டால் மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னார். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், சேகரைப் பார்த்து இல்லை.

6

அந்த வியாழக்கிழமை சேகர் லீவு போட்டுவிட்டு வந்தான். தான் தேர்ந்தெடுத்ததைத் தானே பூட்ட வேண்டும் என்று. கிளப்புக்குள் அவன் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. துப்பாக்கியை இடுக்கியில் வைத்து, திருகுகளை அளந்து அளந்து முடுக்கினான். மேவிஸ், இவன் மாட்டு டாக்டர் மாதிரி வேலை செய்கிறான் என்றாள். பூட்டி முடித்துவிட்டுச் சுவர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

எனக்கு மூன்றாம் எண் பாய், மேவிஸுக்கு நாலு. படுத்தேன். கண்ணை வைத்தேன். வட்டம் தட்டு அகலத்துக்கு வந்து நின்றது. கூடவே ஒரு வேடிக்கை. வட்டம் துடித்தது. லப், லப் என்று. என் நாடிதான். என் உடம்பை இருபத்து நாலு மடங்காக யாரோ காட்டுகிற மாதிரி இருந்தது. மூச்சை விட்டு, துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் விசையை அழுத்தக் கற்றுக்கொண்டேன். முதல் வட்டம். இரண்டாவது. ஒவ்வொரு ஓட்டையும் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் கூட சில ஓட்டைகள் விழுந்த மாதிரி இருந்தது, போன வாரத்து அட்டையோ என்று விட்டுவிட்டேன். பத்தும் முடித்தபோது இத்தனை நன்றாக நான் சுட்டதே இல்லை என்று தெரிந்தது. சேகர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கூச்சம்தான், ஆனாலும் பார்த்தேன்.

துப்பாக்கிகளைக் காலி என்று தெரியத் திறந்து வைத்துவிட்டு, அட்டைகளை எடுத்து வந்தார்கள். மூன்றாம் எண் அட்டையில் ஒரு பொத்தல் கிடையாது. நாலாம் எண் அட்டையில் இருபது பொத்தல்.

மேவிஸ் இரண்டு அட்டையையும் தூக்கிப் பார்த்தாள். தன் வாழ்நாளில் இவ்வளவு நன்றாகச் சுட்டதில்லை என்றாள். கிளப்பே சிரித்தது. போட்டியில் இப்படிச் செய்தால் என் அட்டைக்கு சைபர்தான், நாலு பேரும் தோற்போம் என்று ஒருத்தர் நல்லபடியாகத்தான் எடுத்துச் சொன்னார். எண்ணைப் பார்க்கவில்லையா என்று கேட்டார். எண் அந்தக் குழாய்க்குள் வரவே இல்லை. ஒரு அட்டையில் பாதிதான் தெரிந்தது.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். தமிழில்தான் வந்தது. "நல்லா தெரிஞ்சுதே," என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அதே வார்த்தை. அதே மாதிரி, கொஞ்சம் ரோஷத்தோடு. நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்து டீயோடு வந்தார்கள்.

காரில் வரும்போது சேகர், தப்பு தன்னுடையதுதான், மடங்கு ஏற ஏற சுற்று வட்டாரம் சுருங்கும் என்று தெரிந்தும் யோசிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான், "உங்கப்பாவும் நல்லா தெரிஞ்சுதுன்னுதான் சொன்னாரு," என்றேன்.

அவன் காரை ஓரமாக நிறுத்தினான்.

"அது வேறம்மா. அவரு இன்னா ஸ்கோப்பா வச்சிக்கினு பாத்தாரு? வெறுங்கண்ணு."

அவன் சொல்வது சரி. ஆனாலும் சொன்னேன். "ஸ்கோப்ப வுடுப்பா. பத்து தபா சுட்டேன். ஒரு தபா தலைய தூக்கி நம்பர பாத்திருந்தா போதும். பத்து தபாவும் தோணவே இல்ல. என் அட்டைதான்னு ஆயிட்டப்புறம் இன்னாத்துக்குப் பாக்கப் போறேன்? நாலு நாளா அவரு பன்னியவே நெனச்சிக்கினு உக்காந்திருந்தாரு."

ஒரு லாரி நிறைய ஆடுகள் எங்களைத் தாண்டிப் போயின. பிறகு கேட்டான். "அன்னிக்குப் பனி இல்லியா?"

"இல்ல."

"இருந்துதுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும்," என்றேன்.

7

சனிக்கிழமை கடைக்குப் போய் மாற்றினோம். நாலு மடங்கு, முப்பத்திரண்டு மில்லிமீட்டர், சின்னத் துப்பாக்கிக்கு என்று கிட்ட தூரத்துக்குச் செய்தது, தடிமனாக ஆரம்பித்து நடுவில் மெல்லிசாகிற சிலுவை. கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் எடுத்து வைத்தார். சேகருக்கு மனசு இல்லை. ஒன்பது மடங்கு வரைக்கும் திருகுகிற ஒன்றை எடுத்து, இதாவது என்றான். "நாலு மடங்கு போதும்பா," என்றேன். கடையில் நான் பேசின ஒரே வாக்கியம் அது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இந்த ஊர்களில் கிளப்புக்குப் போகிறவர்கள் இருந்தால் என் கிழவிப் புத்திக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கூரைக்கு அடியில் வெளிச்சம் மங்கல். மடங்கு ஏற ஏற படம் இருட்டும். வயசான கண்ணுக்கு வெளிச்சம்தான் முக்கியம். கை நடுக்கமும் மடங்காகும். நடுக்கம் பெரிதாகத் தெரிந்தால் பயம் வரும், பயம் வந்தால் நடுக்கம் ஜாஸ்தியாகும். தூரத்துப் போட்டிக்காரர்களுக்கு வேறு கணக்கு இருக்கலாம். எனக்கு என் வட்டமும் தெரிய வேண்டும், பக்கத்து அட்டையும் தெரிய வேண்டும், தலைக்கு மேல் எண்ணும் தெரிய வேண்டும்.

போட்டியில் எண்பத்தேழு எடுத்தேன். மூன்று புள்ளியில் தோற்றோம். பத்துக் குண்டும் என் அட்டையில் இருந்தன. ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் நான் எண்ணைப் பார்த்ததால் எல்லாருக்கும் கடைசியாக முடித்தேன். எதிர்க் கிளப்புக் கிழவர் ஒருவர் காத்திருந்து அலுத்துக் கொட்டாவி விட்டார்.

8

மலையில் கொழுந்தனோடு நான் பேசி நாற்பது வருஷம். சேகர் பொங்கலுக்குப் பொங்கல் பேசுவான். நம்பர் போட்டுக் கொடு என்று அவனிடம் கேட்க எனக்கு மூன்று வாரம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுக்குப் பின்புறப் படியில் உட்கார்ந்திருந்தோம். இன்னாத்துக்கு என்று கேட்டான். ஒரு சமாச்சாரம் சொல்ல வேண்டும் என்றேன். அங்கே காலை ஏழு மணி இருக்கும். சத்தமாகப் பேசுகிற மாதிரி வைத்து, செல்லை எங்கள் நடுவில் படியில் வைத்தான்.

நான்தான் என்றதும், அந்தப் பக்கம் நம்பவில்லை. "யாரு, அண்ணியா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

கிளப்பை, பாயை, அட்டையை, பத்துக் குண்டும் பக்கத்து அட்டைக்குப் போனதை எல்லாம் சொன்னேன். எப்படிச் சொன்னேனோ. மேவிஸுக்கு இருபது பொத்தல் என்றதும் கொழுந்தன் இருமி இருமிச் சிரித்தார். சிரிப்பு நிற்கட்டும் என்று இருந்தேன்.

"ஒண்ணும் கேக்கறதுக்குப் பண்ணல தம்பி. நல்லா தெரிஞ்சுதுன்னு அவரு சொன்னது பொய் இல்லன்னு எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது. அத உங்ககிட்ட சொல்லணும்னு பண்ணேன். ஓடைச் சத்தத்துல எனக்குக் கேட்டிருக்காதுன்னு அன்னிக்கே ஊர்ல சொல்லியிருக்கணும். சொல்லல. அது எம்மேல தப்பு."

அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவியது. யாரோ குடத்தில் தண்ணீர் பிடித்தார்கள். லைன் போய்விட்டதோ என்று சேகர் செல்லை எடுக்கப் போனான்.

"அண்ணன் குரல் குடுத்தாரு அண்ணி," என்றார் கொழுந்தன். "ரெண்டு தபா குடுத்தாரு."

சேகரின் கை அப்படியே நின்றது.

"உங்க மரத்தடியில கடுக்கா பொறுக்கிக்கினு இருந்தேன். பதில் சொன்னா மாட்டிக்குவேன்னு, கம்பளிய இழுத்து வுட்டுக்கினு கம்முனு குனிஞ்சிட்டேன். சுடுவாருன்னு நெனைக்கல. ஊர்ல சொன்னா திருடன்னு ஆயிடும்னு..." நிறுத்தினார். "கால் வலிக்கறப்பல்லாம் சொல்லிடலாம்னு வரும். அப்பறம் நீங்க கீழ போயிட்டீங்க. அண்ணனும் போயிட்டாரு."

சேகர் குனிந்து செல்லுக்குக் கிட்டே போனான். "சித்தப்பா, இன்னான்னு குரல் குடுத்தாரு?"

"யாரு கொல்லையிலன்னுதாம்பா. வேற இன்னான்னு கேப்பாங்க."

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். நீங்களும் என்றார். சேகர் செல்லை அணைத்துக் கவிழ்த்து வைத்தான். முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு ஆடுகளைப் பார்த்தான்.

"அம்மா, அப்பா குரல் எப்பிடி இருக்கும்? எனக்கு ஞாபகமே வரல."

எப்படிச் சொல்வது? கட்டைக் குரல்தான். முதல் சொல்லை வெட்டி விடுவார், கடைசிச் சொல்லை இழுத்து மேலே ஏற்றுவார், இந்த மேட்டில் விட்டால் அந்த மேட்டில் போய் இறங்கும் என்றேன்.

"கூப்பிட்டுக் காட்டும்மா."

நான் சுற்றிலும் பார்த்தேன். நல்ல பகல். வாழ்நாளில் நான் யாரையும் உரக்கக் கூப்பிட்டதில்லை, மாட்டைக்கூட. எழுந்து நின்றேன். வாயோரத்தில் கையைக் குவித்துக்கொண்டு, அவர் வெட்டுகிற இடத்தில் வெட்டி, இழுக்கிற இடத்தில் இழுத்து, உள்ளதெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டேன்.

"யாரு கொல்லையிலே?"

ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கின. வேலிக்கு அந்தப் பக்கம் அவரைச் செடிக்குள் குனிந்திருந்த மேவிஸ், நான் என்ன கேட்டேன் என்று தெரியாமலே, மண் கையோடு நிமிர்ந்து, அவள் பாஷையில் உரக்கப் பதில் குரல் கொடுத்தாள், நான்தான், நான்தான் என்று.